நட்டு உட்காரும் இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்னாசி எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? நான் நலம்.

போன வாரம் இங்கே நான் வேலை பார்க்கும் புக்கிட் பாத்தோக் பட்டறையில் ஒரு பழைய காரின் துருப்பிடித்த இரும்புச் சக்கரங்களை என்னிடம் கொடுத்தார்கள். துருவைத் தேய்த்து எடுத்து, ப்ரைமர் போட்டு, நட்டு ஓட்டைகளின் உள்விளிம்புவரை வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். புதுசுபோல மின்னியது. இன்று அதே கார் கடகடவென்று திரும்பி வந்தது. நட்டுகளைக் கையாலேயே திருக முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள். சூப்பர்வைசர் மருதப்பன் அண்ணன்தான் சத்தம் போட்டார்.

"நட்டு உக்கார்ற எடத்துல யாராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களா லா? பெயிண்ட் நசுங்குனா நட்டு லூஸ் ஆயிடும்."

சுரண்டி எடுத்து, இறுக்கிக் கொடுத்துவிட்டேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் அம்மாவிடம் பருப்புப்பொடி—

அப்பா, இதை எழுதும்போதுதான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் நம் வேன் நினைவுக்கு வந்தது. போன மாதம் லீவில் ஊருக்கு வந்தபோது அதன் சக்கரங்களுக்கும் நான் இப்படித்தான் அடித்தேன்.

உங்களை மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். அம்மாவும் எடுக்கவில்லை. இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். பார்த்ததும் வேனை நிறுத்துங்கள். பெயிண்டைச் சுரண்டி நட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு போட்டோ வேண்டும். சக்கரத்தை மட்டும் எடுக்காதீர்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

அங்கே இப்போது பள்ளி விடும் நேரம். வண்டி ஓட்டும்போது நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள்.

இன்னாசி