கஞ்சி போட்ட கையுறை

12 மார்ச் 1957
நான் சொல்லச் சொல்ல மகள் கோகிலா எழுதுகிறாள். அறுபத்தாறு வயதாகியும் எழுத்து எனக்கு வராது. ஆனால் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் எந்த வெள்ளைச் சட்டை எந்த வீட்டுடையது என்று குறி போடாமலே சொல்வேன். டோபிக்கு அது போதும் என்று நினைப்பு.

மகன் கலியாணசுந்தரம் ஹார்ன் ஊதுகிறான். பித்தளையை ஜாங்கிரி மாதிரிச் சுருட்டிய வாத்தியம். கோலாலம்பூர் பட்டாள பேண்டுக்கு ஹார்ன் ஊத ஓர் ஆள் வேண்டுமாம். துரை ஒருவர் இங்கேயே வந்து ஊதச் சொல்லிப் பார்க்கப் போகிறார்.

15 மார்ச்
வலது கையை ஹார்னின் வாய்க்குள் விட்டுக்கொண்டுதான் ஊதுகிறான்.
"சத்தம் வெளிய வரக்கூடாதுன்னா எதுக்குடா ஊதுற?"
"உள்ள கைய வளைச்சு வளைச்சுத்தான்பா சுருதிய சரி பண்றது."
கோப்பிக்கடையில் சொல்லிச் சிரித்தேன். கடைக்காரர் பொன்னுதுரையும் சிரித்தார். "ஒங்க மவன் வாத்தியத்துக்கு மூக்கப் பொத்துறான்யா!"

22 மார்ச்
நாளைக்குப் பரீட்சை. முழு உடுப்பு, வெள்ளைக் கையுறை. கையுறைக்கு இரண்டு தடவை கஞ்சி போட்டேன். மேசைமேல் அதுவாகவே எழுந்து நின்றது.
"என்னப்பா இது, கையா பலகையா?" என்றாள் கோகிலா. உனக்கு எழுதத்தானே தெரியும் என்றேன். இதையும் எழுதுகிறாள்.

23 மார்ச்
பரீட்சை நடந்த திடலின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அத்தனை பேரிலும் என் மகன் கையுறைதான் வெள்ளை.

24 மார்ச்
மகனை எடுக்கவில்லை.
நான் துரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கோகிலா அவனிடமிருந்து காரணத்தைப் பிடுங்கினாள் — வலது கை உள்ளே மடங்கவே இல்லையாம். சுருதி எங்கேயோ போயிற்றாம். யார் போட்ட கஞ்சி?
"கழட்டிப் போட்டுட்டு ஊத வேண்டியதுதானேடா?"
"நீங்க வேலிகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களேப்பா."
நாற்பது வருஷ டோபி. தூ.

25 மார்ச்
துரை தங்கிய விடுதித் துணி என்னிடம்தான் வரும். சட்டை கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். என் மலாய் சந்தை மலாய், அதில் சுருதியை எப்படிச் சொல்ல? அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு மேசையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் பார்த்தேன். கவிழ்ந்தது — நான் வெளுத்துக் கொண்டுபோன அவர் சட்டைமேலேயே.
"சாலா சாயா, துவான்" என்றேன். தப்பு என்னுடையது, மகன்மேல் இல்லை.
துரை கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். நாளைக் காலை மகனை வெறுங்கையோடு வரச் சொன்னார். சட்டையை மறுபடி வெளுக்கவும் சொன்னார்.

26 மார்ச்
அந்த வேலி இருக்கும் திசைக்கே நான் போகவில்லை. எடுத்துவிட்டார்கள்.

31 ஆகஸ்ட்
சுதந்திரம். கோப்பிக்கடை ரேடியோவில் பேண்டு.
"எதுய்யா ஒங்க மவன் சத்தம்?" என்றார் பொன்னுதுரை.
"இதோ, இதுதான்!" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.
அது மேளமாம். கோகிலா சொல்கிறாள்.

8 செப்டம்பர்
லீவில் வந்தவன் வெளுக்க ஒரு ஜோடி கையுறை தந்தான். வலதுக்குக் கஞ்சியே போடவில்லை, பஞ்சு மாதிரி. இடது கைதான் வாத்தியத்துக்குள் போவதில்லையே, என் கைவரிசையை அதில் காட்டினேன். இரண்டையும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.
இடது கை விரல்களால்தான் ஹார்னின் கட்டைகளை அழுத்தி ஊதுவார்களாம். கோகிலா இப்போது சொல்கிறாள்.
ஜன்னல் வழியே எனக்குக் கை ஆட்டினான். இடது கை. ஒரு விரல்கூட மடங்கவில்லை.