வாசலில் இரண்டு மணி நேரம்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தூறல், பத்து மணிக்கு விட்டது. மணலியைத் தாண்டி, சடையங்குப்பம் பக்கம் புது வீடு பார்க்கப் போனோம். நான், மகள் நிலா, புரோக்கர். என் வீட்டுக்காரர் சேகர் டிரெய்லர் லாரியோடு ஓசூரில். போட்டோ அனுப்பு, வந்து பார்க்கிறேன் என்றார்.

இப்போது வாடகைக்கு இருக்கும் வியாசர்பாடி வீட்டை ஓனர் மகன் கல்யாணத்துக்குக் கேட்கிறார். தை வரை டைம். இன்னொரு வாடகை வீடு வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு. லோனும் சரியாகிவிட்டது.

வீடு: ரூம் இரண்டு. ஹாலில் வெயில். சமையல்கட்டில் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். தனி மொட்டை மாடி. ரோட்டிலிருந்து ஆறு படி உயரம். எதற்கு இவ்வளவு உயரம் என்றேன்.

"தண்ணி வரும்மா. ரெண்டு நாளு நிக்கும், போயிடும். வூட்டுக்குள்ள ஏறாது." புரோக்கர் மறைக்கவில்லை, அதுவரை நல்லது.

நிலா பின் ரூமில் டைல்ஸ் மேலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள். கூப்பிட்டும் எழவில்லை, சிரித்தாள். பதினைந்து வயது. அப்படிச் சிரித்து எத்தனை நாள்.

நவம்பர் 10, திங்கள்

வாங்க வேண்டியவை: நிலா மாத்திரை (நாலுதான் மிச்சம்), துவரம்பருப்பு, குடைக்கம்பி ரிப்பேர்.

போட்டோ பார்த்து சேகருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு ரூம் வீடு இனி நமக்கு எங்கே கிடைக்கும் என்கிறார். வாஸ்தவம். ஆனால் எனக்கு ஒரே கேள்விதான். ஆகஸ்டில் நிலாவுக்கு ஃபிட்ஸ் வந்து தெருக்குழாயடியில் விழுந்தாள். நான் ஸ்கேன் சென்டரில் டியூட்டி. ஓடி வருவதற்குள் எதிர்வீட்டுப் பெண்கள் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகம் துடைத்து, எழுந்ததும் டீயும் கொடுத்திருந்தார்கள். என் டியூட்டி மதியம் ஒன்று முதல் எட்டு. சேகர் போனால் பத்து நாள். மணலி வீட்டில் விழுந்தால்?

திருவொற்றியூரில் ஒரு வீடு இருக்கிறதாம். சின்னது. (இனி ம. வீடு, தி. வீடு.)

நவம்பர் 12, புதன்

லீவு போட்டேன். நிலா பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாகப் பார்த்து ம. வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். நாலு மணி முதல் ஆறு மணி வரை, சும்மா. அந்தப் பக்கம் வந்தவை:

தண்ணி லாரி ஒன்று
சைக்கிள்காரர் ஒருவர்
ஸ்கூட்டியில் ஒரு பெண், ஹெல்மெட்டோடு, திரும்பிப் பார்க்கவில்லை
நாய்கள்

பக்கத்தில் மூன்று வீடும் பூட்டு. ஐந்தரைக்கு மேல் கம்பெனி வாடை. கொசு. வெயில் மட்டும் ஹாலுக்குள் அவ்வளவு அழகாக விழுந்தது. எழுந்து வர மனமில்லை.

நவம்பர் 13, வியாழன்

டியூட்டிக்கு முன் தி. வீடு, ஒன்பது முதல் பதினொன்று. மூன்றாவது மாடி. ஒரு ரூம், ஹால். பகலிலேயே டியூப்லைட். சமையல்கட்டில் திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். சம்ப் தொட்டி வாடை. லாரி ஹாரன்.

இங்கே எண்ணவே முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட இல்லை, கீழ்மாடி பத்மாக்கா பிடித்துக்கொண்டார். ஓட்டலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பவர். "யாருமா நீ, வூடு பாக்க வந்துகிறியா?"

நிலாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முன்பு ஒரு ஓனர் தெரிந்ததும் ஒரே மாதத்தில் காலி பண்ணச் சொன்னார். அதிலிருந்து யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்று ஏன் சொன்னேன், தெரியவில்லை. அவர் கை நிற்கவில்லை, உரித்துக்கொண்டே கேட்டார். தங்கச்சி மகனுக்கும் உண்டாம்.

"இரும்பு கிரும்புலாம் கைல குடுக்க வுடமாட்டேன். சாச்சி படுக்க வச்சிட்டு உனுக்குப் போன் பண்றேன். வேற இன்னா கீது?"

வேறு எதுவும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

மாத்திரை வாங்கியாயிற்று. பருப்பு மறந்தேன்.

சாப்பிடும்போது நிலாவிடம் தி. வீட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அங்கே ஆள் புழக்கம் உண்டு, எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"பாத்துக்குவாங்கன்ற. இங்கயும்தான் எல்லாரும் பாக்குறாங்கம்மா. கடைக்குப் போனா தனியாவா வந்தன்றாங்க. அந்த மணலி வூட்டாண்ட யாருக்கும் என்னத் தெரியாது. அதான் புடிச்சிது."

பத்மாக்காவிடம் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே.

நவம்பர் 15, சனி

சேகர் வந்தார். குளித்துவிட்டு உடனே இரண்டு வீட்டையும் தனியாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நிலாவைக் கூப்பிட்டு அவரே சொன்னார். "மணலி வூடுதான் நல்ல வூடு. பொய் சொல்லல. ஆனா நா ரோட்ல கீறேன், உங்கம்மா டூட்டில கீறா. உன்னாண்ட யார்னா இருக்கணும் நைனா." மகளை எப்போதும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் நிலா. என்னோடு பேச்சு இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல மழை. மூன்று பேரும் தி. வீட்டுக்கு. பத்மாக்கா படியிலேயே இருந்தார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெங்காயத் தோல் காலில் ஒட்டும், பார்த்து ஏறு என்று மட்டும் நிலாவிடம் சொன்னார். நிலாதான் நின்று கேட்டாள், அம்மா என்ன சொன்னாங்க என்று.

"சொன்னத சொன்னாங்க. நா யாராண்டயும் சொல்லல. அது உன் விசயம்."

நிலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலே ஏறினாள்.

இருப்பதே ஒரு ரூம். அதை அவளுக்கு என்று சேகர் சொன்னார். நாங்கள் ஹாலில். ஜன்னலைத் திறந்தாள், எதிரே சுவர். மூடவில்லை. சரி என்றாள். மொட்டை மாடி போயிற்று, ஹால் வெயில் போயிற்று. எனக்கும்தான் வருத்தம்.

ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது. இரண்டு நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அப்ப தட்டிட்டு வா."

தட்டுகிறேன் என்றேன்.