எனக்கு நானே ஊற்றிக் கொடுத்த ஆடாதோடை

டிசம்பர் 4, திங்கள்
பத்து மணி வரை பனிமூட்டம். எதிரே வருகிறவரை இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். காப்பிப் பழம் பறிக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு நெஞ்சுச் சளி. டிஸ்பென்சரி ஆயா செல்லியோடு போய் வேலியில் ஆடாதோடை இலை பறித்தாயிற்று. மிளகு, திப்பிலி தட்டிப் போட்டு, பாதியாகச் சுண்டினதும் தேன். இந்த எஸ்டேட்டுக்கு நர்ஸாக வந்த நாள் முதல் இதுதான் என் கைமருந்து. இழுத்துக்கொண்டே போகிற இருமலுக்கு மட்டும் கிடையாது. அதற்குச் சேலத்தில் சளிப் பரிசோதனை.

பழம் பறிக்கிற பொன்னி டம்ளரை நீட்டினாள். தூரமாகி எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தாள். "இருமலுக்கு வந்தா இதெல்லாம் எதுக்குங்க கேக்கறீங்க?"

இந்த இலை கருப்பையைச் சுருக்கும். பிரசவம் இழுத்தடித்தால் இங்கே இதைத்தான் அரைத்து அடிவயிற்றில் பூசுகிறார்கள். கேட்காமல் எந்தப் பெண்ணுக்கும் ஒரு சொட்டு தந்ததில்லை. பொன்னிக்கு மூன்றாம் மாதமாம், கண்ணு படும் என்று மறைத்திருக்கிறாள். நன்றாகத் திட்டி, கஷாயம் தராமல், வெந்நீரில் ஆவி மட்டும் பிடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

தேன் தீர்ந்தது. வாங்க வேண்டும்.

டிசம்பர் 7, வியாழன்
தூறல். எனக்கே இருமல் பிடித்துக்கொண்டது. கா. ஒரு டம்ளர், மா. ஒரு டம்ளர். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "ஊருக்கெல்லாம் கசப்பு குடுத்தியே, இப்ப நீ குடி." எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் உத்தியோகம், இவருக்குக் கேலிக்கு மட்டும் பஞ்சமில்லை.

டிசம்பர் 11, திங்கள்
இருமல் இறங்கிவிட்டது. சொன்னேன் அல்லவா. ஏற்காட்டிலிருந்து டாக்டர் வந்தார். புது இருமல் மாத்திரை காட்டினார். ஆடாதோடைச் சத்தை ஆராய்ந்து, அதிலிருந்து உண்டாக்கியதாம். "உங்க வேலியில இருக்கறதுதாம்மா, கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் என் டம்ளரை நிறுத்தவில்லை. அடிச்சளி போகட்டும்.

டிசம்பர் 13, புதன்
கஷாயம் கொதிக்கிற வாடைக்கே குமட்டல். நேற்றும் அப்படித்தான். பித்தம் என்றேன். செல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க சிஸ்டரு, எல்லாத்தையும் கேக்கறீங்களே. நீங்க தூரமாயி எத்தன நாளாச்சுங்க?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால். அதற்கப்புறம் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இனி இல்லை என்று முடிவு கட்டிவிட்ட வயிறு. நாள் தள்ளிப்போனதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஊரில் ஒருத்தி விடாமல் கேட்டவள், என்னை மட்டும் கேட்கவில்லை.

என் பங்கைச் சாக்கடையில் கொட்டினேன். அடிவயிற்றில் லேசாக வலி. கடவுளே, இது நிஜமாக வலிதானா, பயமா?

டிசம்பர் 14, வியாழன்
முதல் பஸ். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஏற்காட்டில் சிறுநீர்ப் பரிசோதனை. உண்டாகியிருக்கிறேன். சேலையில் சொட்டுக் கறையும் இருக்கிறது.

டாக்டர் திட்டவில்லை. "இருமலுக்கு அது நல்ல மருந்துதான். இப்ப உங்களுக்கு ஆகாது, அந்த மாத்திரையும் வேண்டாம். கஷாயத்தாலதான்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. படுக்கையிலேயே இருங்க. பார்ப்போம்."

பார்ப்போம் என்ற வார்த்தையை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

இவரிடம் சொன்னேன். கேலி இல்லை. அடுப்பு பற்ற வைக்கப் போனார்.

டிசம்பர் 17, ஞாயிறு
படுக்கைதான். கறை நின்றுவிட்டது. ஆனால் குமட்டலும் நின்றுவிட்டது. குமட்டல் நின்றால் கரு தங்கவில்லை என்றும் இருக்கலாம். அதுதான் பயம். செல்லி எட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஆவாதுங்க, நொம்ப யோசிக்காதீங்க" என்றாள். யோசிக்காமல் இருக்க என்ன மருந்து இருக்கிறது? இவர் வைத்த ரசம் சகிக்கவில்லை. குடித்தேன்.

இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். இதை யாரிடமும் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை.

டிசம்பர் 18, திங்கள்
விடிந்ததும் வாந்தி. காப்பி குடித்ததும் மறுபடி. இவர் பதறிப்போய்ச் சொம்போடு நிற்கிறார், நான் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறேன். இந்த மலையில் வாந்தி எடுத்துச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதோ, மறுபடியும் வருகிறது