என்னையும் சேர்த்துப் போட்ட விலை

ஆவணி 9, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் சார் தன் ஆபீஸையே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு விற்கப் போகிறாராம். இன்று காலைதான் எனக்கே தெரிந்தது. மாம்பழக்கூழ் ஆலையோ கிரானைட் கம்பெனியோ, இங்கே எந்தத் தொழில் கைமாறினாலும் அதற்கு மதிப்புப் போடுவது ஆறு வருடமாக நான்தான்.

வாங்க வந்தவர் என்னைக் காட்டி, "இவங்க மூணு வருஷம் இருப்பேன்னு எழுதிக் கொடுத்தாதான் இந்த விலை சார். இல்லைன்னா பாதிதான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் சம்பளம் கூட்டிக் கேட்டபோது, "தருமபுரியில இதுக்கு மேல யாரும்மா தருவாங்க?" என்று சிரித்தவர் சார்.

வாங்க வந்தவர் போனதும், "ஒரு கையெழுத்து போட்டுடும்மா" என்று சார் கெஞ்சினார்.

"பாதி வெலை எனக்காகத்தானுங்களே சார்? அப்ப அதுல எனக்கு என்ன பங்குங்க?" நானா கேட்டேன்? சார் ஃபைலை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். நல்லம்பள்ளி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது சார் போன் செய்தார். "உன் பங்கு எவ்வளவுன்னு நீயே மதிப்புப் போட்டு எடுத்துட்டு வாம்மா."

ஊரார் தொழிலுக்கெல்லாம் விலை சொன்னவள், எனக்கென்று ஒரு எண்ணை எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.