உன் மகளுக்கு வெள்ளைக் கூடு

செடாயு,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு.

அக்கா கஸ்தினாவுக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் அல்லாவின் சாந்தி உண்டாகட்டும். அத்தானுக்குக் கால்வீக்கம் குறைந்ததா? இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை, கிணற்றில் பாதித் தண்ணீர்தான். நான் நலம் என்று எழுத மனம் வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் இரண்டு வரியாவது கண்ணில் படுமே என்றுதான் எழுதுகிறேன்.

லாரி டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய சீட்டு செவ்வாய்க்கிழமை உங்கள் கூட்டுக் கொட்டகையில் என் கைக்கு வந்தது. மடியில் தட்டும் கையில் இடுக்கியுமாக, குருவி எச்சிலால் கட்டிய, சமையலுக்குப் போகிற கூட்டை ஊறவைத்து அதிலிருந்து இறகுத் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். உன் மகள் நுரைனி ஆறு மாதக் கர்ப்பம் என்று எழுதியிருந்தாய். மனசு குளிர்ந்தது, அது பொய்யில்லை. அதற்குக் கீழேதான் எழுதியிருந்தாய், "அவளுக்குக் கொஞ்சம் கூடு அனுப்பு. வெள்ளை மட்டும். நீயே உன் கையால சுத்தம் பண்ணு. நம்ம கொட்டகைச் செவப்பு ஒண்ணுகூடக் கலந்துடக் கூடாது, ஞாபகம் வச்சுக்கோ."

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தார்வி, "என்னக்கா, யாராச்சும் போய்ட்டாங்களா?" என்று கேட்டாள்.

என் மகள் லஸ்மியின் ஏழாம் மாதச் சடங்குக்கு நீ காரில் வந்து இறங்கியது உனக்கு நினைவிருக்கும். தெருவே கூடியிருந்தது. அவள் தலையில் பூநீர் ஊற்றி முடித்ததும் அந்த வெல்வெட் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாய். செங்கல் நிறத்தில் கூடுகள். "குருவி எச்சில் தீர்ந்துபோய் ரத்தத்தைக் கக்கிக் கட்டினது, ராணிங்க சாப்பிடுறது" என்று சொன்னாய். பதினொரு வருஷமாகக் கூடு சுத்தம் செய்கிறவள் நான். குருவி ரத்தம் கக்குமா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அக்கா கொடுத்தது என்ற பெருமையில் கண் மூடிப்போயிற்று.

தினமும் காலையில் கற்கண்டும் ரம்பை இலையும் போட்டு நானேதான் வேகவைத்துக் கொடுத்தேன். "அம்மா, ஈரச் சுவர் மாதிரி நாறுது" என்று லஸ்மி முகம் சுளித்தாள். "பெரியம்மா ஆசையா குடுத்தது, வாய மூடிக்கிட்டு முழுங்கு" என்று திட்டினேன். பெட்டி காலியாகும் வரை விடவில்லை. ஒன்பதாம் மாதம் தொடங்கி நாலாம் நாள் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். நீ வந்து என் தோளில் சாய்ந்து அழுதாய்.

உன் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கொட்டகையை நடத்தும் ஸைனுரியிடம் போனேன். நாங்கள் சுத்தம் செய்த கூடெல்லாம் போகிற, எங்களை மட்டும் விடாத பின்கட்டு அறையின் சாவியைக் கேட்டேன். உன் கொழுந்தன் பல்லைக் காட்டினான். "அங்க பேய் இருக்கு சுமிராக்கா, பொம்பளைங்க போனா புடிச்சுக்கும்" என்றான். "என்ன விடப் பெரிய பேயாடா? வரச் சொல்லு, பாக்குறேன்" என்றேன். அவன் சாவி தரவில்லை. தார்வியும் நானும் அரிசி மூட்டை தூக்கும் கொக்கியால் தாழ்ப்பாளை நெம்பிப் பெயர்த்தோம்.

உள்ளே போனதும் கண் எரிந்தது. ஜன்னலே இல்லை. தரை முழுக்கக் குருவி எச்சம், முழங்கால் உயரத்துக்குக் குவித்துத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. அதன்மேல் அடுக்கடுக்காகக் கம்பித் தட்டுகள். அவற்றில் நாங்கள் வெள்ளை வெளேரென்று சுத்தம் செய்து கொடுத்த கூடுகள். கீழ்த்தட்டில் இருந்தவை எச்சத்தின் ஆவி பட்டுச் சிவந்துவிட்டன. நடுவில் இருந்தவை மஞ்சள். மேலே இருந்தவை அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தன. தார்வி வாசலுக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள்.

ஸைனுரிக்கு வெட்கம்கூட இல்லை. "சீனாக்காரன் செவப்பு கேக்குறான், குடுக்குறோம். ரத்தம்னு நம்புறது அவன் பாடு" என்றான். நான் விடாமல் கத்தியதும் அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னைய ஏன் திட்டுறீங்க? அண்ணிக்குத் தெரியாமயா நடக்குது? இந்தத் தட்டெல்லாம் அவங்கதான் மொதமொதல்ல வாங்கி அனுப்புனாங்க. நாலு வருஷம் ஆச்சு" என்றான்.

நாலு வருஷம். லஸ்மியின் சடங்கு நடந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அப்படியென்றால் எல்லாம் தெரிந்துதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாய்.

பிள்ளை போனது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனால் உன் மகளுக்கு அதைக் கொடுக்க மாட்டாய். என் மகளுக்குக் கொடுத்தாய். எனக்கு இது போதும்.

பிறகு நான் செய்ததை ஸைனுரி கூட்டிக் குறைத்துச் சொல்லியிருப்பான், நானே சொல்லிவிடுகிறேன். தட்டுகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். கூடுகளை உச்சி வெயிலில் செருப்புக் காலால் மிதித்தேன். மிச்சத்தைச் சாக்கடையில் தள்ளி ஹோஸால் தண்ணீர் அடித்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஸைனுரி போலீஸைக் கூப்பிடுவேன் என்று குதித்தான். "கூப்புடு, அந்த ரூமையும் சேத்துக் காட்டு" என்றேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஐந்து பெண்கள் வேலையை விட்டு என்னோடு வெளியே வந்துவிட்டார்கள். தார்வி வரவில்லை. மூன்று பிள்ளைகள், புருஷனுக்கும் வேலையில்லை. "என்ன வெறுத்துடாதக்கா" என்று அழுதாள். அவளை நான் எதற்கு வெறுக்கப்போகிறேன்?

நுரைனி என்ன பாவம் செய்தாள்? அவளைக் குளிப்பாட்டி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. புதன்கிழமை கடைத்தெருக் கோ லியோங் வீட்டுக்குப் போனேன். அவர் மாடியில் உழவாரக் குருவிகள் கூடு கட்டுகின்றன. குஞ்சு பறந்துபோன பிறகுதான் கூட்டைச் சுரண்டுவார், அதனால் ஊரில் அவரைக் கோழை வியாபாரி என்று கேலி செய்வார்கள். விஷயத்தைச் சொன்னதும் மேலே போய் ஆறு கூடு எடுத்துவந்து கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து நானே பொறுக்கினேன். இந்தப் பார்சலில் இருக்கிறது. இதை உனக்காகச் செய்ததாக நினைத்துவிடாதே. அவள் சாப்பிட்டாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி, கட்டாயப்படுத்தாதே. நான் கட்டாயப்படுத்தியது போதும்.

லஸ்மிக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டாள், கண் வலி என்றேன். நுரைனி சேதியைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு துணி துவைக்கப் போய்விட்டாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை அக்கா. அந்தக் கிண்ணத்தைத் தினமும் நீட்டியது இந்தக் கைதான்.

நுரைனி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும், தாயும் பிள்ளையும் நூறு வருஷம் இருக்கட்டும். ஐந்து வேளையும் அதைத்தான் கேட்கிறேன். அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் நீ புறப்பட்டு வா. காரும் பெட்டியும் வேண்டாம், பஸ்ஸில் தனியாக வா. லஸ்மியின் எதிரில் உட்கார்ந்து நீயே சொல். நான் பக்கத்தில் இருப்பேன். அதற்குப் பிறகு அவள் உனக்குத் தண்ணீர் கொடுத்தால், நானும் சோறு போடுகிறேன்.

உன் தங்கை,
சுமிரா