உப்புத் தண்ணீர் என்று சொன்னேன்

மார்ச் 18, செவ்வாய்

இன்று மதியம் கிடங்கில் தீப்பிடித்தது. என்னிடம் வேலை பார்க்கும் தேசப்பன் அணைத்துவிட்டான். வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

அனுமந்தையில் ஒருத்தருக்கு பைபர் படகுச் சாமான் போக வேண்டியிருந்தது. ரெசின், கண்ணாடி இழை மேட், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், கோபால்ட். வாங்குகிறவர்கள் செட்டாகத்தான் கேட்கிறார்கள் என்று நானும் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் செட்டாகவே அடுக்கி வைத்திருக்கிறேன். எடுக்கத் தோது. மேல் தட்டில் இருந்த கேட்டலிஸ்ட் கேனுக்கு மூடி சரியில்லை. தேசப்பன் இழுத்தபோது சிந்திவிட்டது. கீழே கோபால்ட் துடைத்த துணி கிடந்தது.

கேட்டலிஸ்ட் தண்ணீர் மாதிரி இருக்கும், கோபால்ட் நாவல்பழச் சாறு மாதிரி. ரெசினில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலந்தால் படகு. நேருக்கு நேர் சேர்ந்தால் நெருப்பு. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சீறிக்கொண்டு பிடித்தது. மூலையில் இருந்த கல் உப்பு மூட்டையைக் கிழித்து அப்படியே மேலே கொட்டினான். அடங்கிவிட்டது. அவன் வலது கண்ணில் கேட்டலிஸ்ட் தெறித்திருக்கிறது. குடத்தில் அடியில்தான் தண்ணீர். ஒரு கை அள்ளி அடித்துக்கொண்டு துண்டால் துடைத்தான்.

"எரியுதாடா?"

"அளத்துல எரியற மாதிரிதான்க்கா. இன்னா பெரிசா."

இந்த ஊரில் கண் எரிவதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. நானும் அவனும் உப்பளத்தில் ஒரே பாத்தியில் உப்பு சுமந்தவர்கள். வெயிலும் உப்பும் சேர்ந்து எரியாத நாள் எது? வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

எதிரே டீக்கடை ஜெயா கேட்டாள், "இன்னாக்கா பொகை?" குப்பை கொளுத்தினோம் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? அடுத்த மாதம் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறும், பழுது பார்க்க எல்லாருக்கும் ரெசின் வேண்டும். வருடத்தில் பாதி வியாபாரம் அந்த இரண்டு மாதத்தில். சரக்கு இறக்கியாகிவிட்டது. கட்டடத்துக்கு அனுமதி உப்புக்கு மட்டும்தான். வாசலில் இன்னும் 'உப்புக் கிடங்கு' என்றுதான் போர்டு தொங்குகிறது. தீயணைப்புக்காரர்கள் வந்தால் பூட்டு விழும்.

மார்ச் 19

தேசப்பன் வரவில்லை. கருகிய துணியைப் பின்னால் புதைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

கண் வீங்கி மூடிக்கொண்டது என்று அவன் பெண்டாட்டி சகாயசெல்வி போன் செய்தாள். ஆட்டோ வைத்து மூன்று பேரும் இங்கேயே ஒரு கிளினிக்குக் கிளம்பினோம்.

டாக்டர் சின்னப் பெண். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவனைத்தான் கேட்டாள், கண்ணில் என்ன பட்டது என்று. அவன் என்னைப் பார்த்தான். நல்ல கண்ணால்.

"அளத்துல வேலை செய்யும்போது உப்புத் தண்ணி பட்டுடுச்சும்மா" என்றேன்.

அவனைக் கேட்ட கேள்வி. பதில் நான் சொன்னேன். அவன் தலையாட்டினான். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் சகாயசெல்வி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து உப்புத் தண்ணி பட்டுக்கிட்டுதான் இருக்குது. ஒரு நாளும் இப்புடி ஆனதில்லங்க்கா."



மார்ச் 21

வியாபாரம் நன்றாக நடந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. சொட்டு மருந்தில் சரியாகிவிடும். சரியாகாமல் என்ன — ஊரில் எத்தனை பேருக்கு ஆகிறது. ஆனால் அது உப்பு பட்டவர்களுக்கு. இது உப்பில்லையே. யாருக்கு இந்தச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 22, சனி

காலையில் கிடங்கு திறக்கும்போதே சகாயசெல்வி வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"கண்ணு மேல பால் மாதிரி படர்ந்துகிச்சு. கேட்டா உப்புன்றாரு. மாதா மேல சத்தியம் பண்ணுன்னா சுவத்தப் பாக்குறாரு. உன்னக் கேக்குறேன். அது இன்னா?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னை நீ என்றாள். சொல்லிவிட்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். "வண்டியைக் கூப்பிடு" என்றாள், அவ்வளவுதான்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. கேனின் லேபிளைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் அதைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பட்ட உடனே விடாம தண்ணி ஊத்தி இங்க கொண்டு வந்திருக்கணும். அதான் விட்டீங்க. முதல்ல பார்த்த டாக்டர்கிட்டயாவது இந்தப் பேரைச் சொல்லியிருக்கலாமே." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

கட்டிலில் இருந்து தேசப்பன் சொல்கிறான்: "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்குத்தான் அது இன்னான்னு தெரியல."

அவனுக்கா தெரியாது! படுபாவி, அங்கேயும் எனக்காகப் பொய். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

நானே தீயணைப்பு நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். மனசாட்சி என்று மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய். ஆஸ்பத்திரியில் இருந்து எப்படியும் தகவல் போகும், அதற்கு முன் நான் போவது நல்லது என்று கணக்குப் போட்டேன். அதுவும் உண்டு, இதுவும் உண்டு. எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அதிகாரி அரசப்பன் ஆட்களோடு வந்தார். உள்ளே போகவில்லை. வாசலில் நின்று போர்டையே பார்த்தார்.

"பெரிசா புடிச்சிருந்தா எங்களுக்கு போன் பண்ணியிருப்பீங்கள்ல?"

"பண்ணியிருப்பேங்க."

"வந்திருப்போம். இந்த போர்டைப் படிச்சுட்டு, உப்புதானேன்னு என் பசங்க மாஸ்க் கூட போடாம உள்ள போயிருப்பாங்கம்மா."

பக்கத்தில் நின்ற பையன்களில் ஒருத்தனுக்கு இன்னும் மீசை சரியாக வரவில்லை.

என்ன சரக்கு, எவ்வளவு, எந்த இடத்தில் என்று முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிய வேண்டும். சேரக்கூடாதவை ஒரே கூரையின் கீழ் ஒட்டி இருக்கக்கூடாது. அணைந்துபோன சின்னத் தீயானாலும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, கிடங்கைப் பூட்டி சீல் வைத்தார். எல்லாம் பிரித்துக் கட்டி, அனுமதி வாங்கிய பிறகுதான் திறக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 2

படகு கட்டுகிற பிரபு வீட்டுக்கு வந்து கத்தினான். "நீ ஒருத்தி போய் வாயத் தொறந்துட்ட. இப்ப பெரிய முதலியார்சாவடி வரைக்கும் ஒரு படகு கொட்டா விடாம செக்கிங். ஏங்க்கா, இத்தினி வருஷம் மூடிக்கினு இருந்த வாய்தானே அது?"

உன் கொட்டாயில் கேட்டலிஸ்டும் கோபால்ட்டும் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"செட்டாதான் இருக்குது. நீ குடுத்த மாதிரியே."

போகும்போது, "இனிமே உப்பே வித்துக்க, அதுதான் ராசி" என்று சிரித்தான். அவன் பேச்சில் பாதி சரி. அதனால்தான் அடி ஆழமாக விழுந்தது. மற்றவர்கள் வந்து கத்தக்கூட இல்லை. புதுச்சேரியில் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 9

வலது கண் போய்விட்டது. வெளிச்சம் மட்டும் தெரியுமாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. கரை முழுக்க ரெசின் வாசனை. என் சரக்கில்லை.

ஏப்ரல் 18

தேசப்பன் வீட்டுக்குப் போனேன். பையில் ரொக்கம். சகாயசெல்வி கோயிலுக்குப் போக வெள்ளைப் புடவையில் நின்றாள். பையைப் பார்த்தாள்.

"பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்கா வெல பேச வந்த? பாஸ்கு ஞாயிறு கழியட்டும். வந்து பேசு. என்னாண்ட இல்ல, அவராண்ட."

உள்ளே அவன் இருமுவது கேட்டது. கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வழியெல்லாம் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

போனேன். கண்ணில் வெள்ளைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தான். இளைத்துவிட்டான்.

"ஒத்தக் கண்ணால பாத்தா நீ கொஞ்சம் நல்லவளாத்தான் தெரியறக்கா."

சகாயசெல்வி சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும் என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் தெரியாது என்று ஏன் சொன்னாய்?

"கிளினிக்கில நீ சொல்லிட்ட. எனக்குத் தெரியும்னு சொன்னா, நீ தெரிஞ்சே பொய் சொன்னன்னு ஆயிடும்ல. பழக்கம்க்கா அது. பாத்தியில இருந்தே நீதான பேசுவ, நான் தலையாட்டுவேன்." கண்ணில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டான். "அந்த டாக்டர் பொண்ணு என்னத்தான் பாத்து கேட்டுது. தலையாட்டிட்டேன் பாரு. அதான் தூங்க விடமாட்டுது."

பிறகு அவன்தான் பேசினான். சகாயசெல்வி இரண்டு இடத்தில் திருத்தினாள். நான் பேரம் பேசவில்லை. வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பேசி முடித்தது: ஆஸ்பத்திரிச் செலவு கடைசிவரை என்னுடையது. அவன் வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் மாதாமாதம் சகாயசெல்வி கையில். கிடங்கு திறந்தால் கேட்டலிஸ்ட் முன்னால், கோபால்ட் பின்பக்கம் தனிக் கொட்டகையில். முன்சாவி என்னிடம், பின்சாவி அவளிடம். வாசலில் நல்ல தண்ணீர் டிரம், குழாய் வைத்து, எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். குடிக்கக்கூட அதில் யாரும் பிடிக்கக்கூடாது. உப்பு போர்டு இறங்கும், உள்ளே இருப்பதன் பெயரே ஏறும். அதிகாரி வந்தாலும் டாக்டர் வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், நான் பக்கத்திலேயே நின்றாலும், பதில் தேசப்பன் சொல்வான். நான் வாய் திறக்கக்கூடாது.