வெள்ளை ஜெர்சியில் ஏறிய சாயம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புக்குத்தான் குறைவில்லை, வீடு வீடாக இல்லை. எல்லாம் அந்த ஹாக்கி மேட்சால் வந்த வினை. நீயும் அப்பாவும் படித்த பல்கலைக்கழகத்தை விட்டு உன் தங்கை எதிரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்தே இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இந்த வருஷம் அவள்தான் கோல்கீப்பர். இவர் போய் உங்கள் பல்கலைக்கழகத்து வெள்ளை ஜெர்சிக்காரிகள் பக்கம் உட்கார்ந்தார். சரி, பழைய பாசம், தொலையட்டும். கடைசி நிமிஷத்தில் பெற்ற பெண்ணைத் தாண்டிப் பந்து உள்ளே போகும்போது எழுந்து நின்று கை தட்ட வேண்டுமா? அவள் பார்த்துவிட்டாள். போதாக்குறைக்கு நீ வேறு குடும்ப குரூப்பில் ஓட்டைவலை என்று கேலி எழுதி அனுப்பினாய். ஏழு கழுதை வயசாகிறது உனக்கு.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. குழம்பு போடட்டுமா என்று இவர் கேட்டால் வேண்டாம் என்று என்னிடம் சொல்கிறாள். நடுவில் நான் தபால்காரி. மனுஷர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார், அதையும் பார்க்கப் பொறுக்கவில்லை. தோற்ற அணியின் கோல்கீப்பர்தான் ஜெயித்தவர்களின் ஜெர்சிகளைத் துவைத்துத் தர வேண்டும் என்ற அந்தப் பாழாய்ப்போன வழக்கம் உனக்குத் தெரியுமே, மூட்டையைக் குளியலறையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று உன் அப்பா எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் திணித்தார். இதுவரை ஒரு கைக்குட்டை துவைத்தவரில்லை. பாசம் பொங்கி அவளுடைய புது நீல ஜெர்சியையும், பெட்டியில் பூட்டி வைத்திருந்த தன் பழைய வெள்ளை ஜெர்சியையும் கூடவே போட்டார். கேட்க வேண்டுமா, அத்தனையும் நீலம்.

கொடியில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து நின்றார். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் வந்தாள். கொடியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். இப்பவாவது எங்க பக்கம் வந்தீங்களேப்பா என்று சிரித்தாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. இவரும் அழுதார். இருந்த எரிச்சலில் நானும் அழுதேன். பிறகு ஊறவைத்து வெளுத்து எடுக்க என் இடுப்பு ஒடிந்தது. நாளை இரண்டு பேரும் போய்த் திருப்பித் தரப்போகிறார்கள். தன்னுடையதை மட்டும் வெளுக்கவே கூடாது, அதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்கிறார் உன் அப்பா. தொப்பைக்கு மேலே நிற்கிறது, சொன்னால் கேட்பதில்லை.

நீ முதலில் அந்தக் கேலியை அழித்துவிட்டுத் தங்கைக்குப் போன் பண்ணு. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. உன் வெள்ளை ஜெர்சியும் இங்கேதான் இருக்கிறது, போன் வராவிட்டால் அதுவும் மெஷினுக்குள் போகும்.

நீல ஜெர்சிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே,
அம்மா